பிரெஞ்சு படிப்பிக்கிறேன், கையில் ஒன்றும் மிஞ்சுதில்லை

கேள்வி: வணக்கம் ரீச்சர். எனக்கு 26 வயது, கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிப் பரீட்சையில் பி1 மட்டம் சித்தியடைந்திருக்கிறேன். சனி, ஞாயிறு ஒரு ரியூட்டரியில் இரண்டிரண்டு மணித்தியாலம் ஒரே குழுவுக்குப் பிரெஞ்சு எடுக்கிறேன். 14 பேர் வருகிறார்கள், ஆளுக்கு மாதம் 2,500 ரூபா. அதில் கால்வாசி ரியூட்டரிக்கு. இரண்டு பிள்ளைகள் காசு கொண்டுவருவதில்லை, கேட்கவும் மனம் வரவில்லை. கொழும்பில் படிப்பிக்கும் என் சிநேகிதி ஒரு மணித்தியாலத்துக்கு வாங்குவது நான் ஒரு நாள் வகுப்புக்கு வாங்குவதைவிடக் கூட. வன்னியில் இருப்பதால்தானா எனக்கு இந்த நிலை? காசைக் கூட்டுவதா, கொழும்புக்குப் போவதா, ஒன்லைனில் பிரான்ஸில் இருக்கிற எங்கட ஆக்களுக்குப் படிப்பிப்பதா? பிரெஞ்சு ஆசிரியரின் வருமானம் எதில்தான் தங்கியிருக்கிறது?

பதில்: தங்கச்சி, சிநேகிதியின் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்களுடையதைப் போடுவோம்.

14 பேர் வந்தாலும் காசு தருவது 12 பேர். அது 30,000 ரூபா. ரியூட்டரிக்கு 7,500 போக 22,500. மாதம் எட்டு வகுப்பு, 16 மணித்தியாலம். பிரித்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 1,400 ரூபா வருகிறது. நீங்களும் இந்த எண்ணைத்தான் மனதில் வைத்திருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்றரை மணித்தியாலம் ஆயத்தம், 14 கொப்பி திருத்த ஒரு மணித்தியாலம், போய்வர ஒரு மணித்தியாலம் என்று குறைத்தே போட்டாலும் ஒரு வகுப்பு ஐந்தரை மணித்தியாலம் தின்கிறது. மாதத்துக்கு 44. போட்டோக்கொப்பிக்கு 2,500, பஸ்ஸுக்கு 1,600 என்று வைத்தால் கையில் நிற்பது 18,400. மணித்தியாலத்துக்கு 418 ரூபா. மரக்கறி நிறுக்கிறவர்கூடத் தட்டின் பாரத்தைக் கழித்துவிட்டுத்தான் விலை சொல்வார். மொழி ஆசிரியர்கள் அதைச் செய்வதேயில்லை. கொழும்புச் சிநேகிதியும் செய்திருக்க மாட்டார். அவருடைய மணித்தியாலக் காசில் அறை வாடகை, சாப்பாடு, ஒரு மாணவர் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் முச்சக்கரவண்டி எல்லாவற்றையும் கழித்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படிக் கழித்தாலும் அவருக்குக் கூடத்தான் நிற்கும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அது வன்னி இல்லை.

உங்கள் ஊரில் ஜேர்மன் படிப்பிக்கிறவர்களைக் கவனியுங்கள். கலியாணம் முடித்து ஜேர்மனிக்குப் போக நிற்கிற பெண்பிள்ளை ஏ1 (மொழி மட்டங்கள் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும், ஏ1 ஆரம்பம்) சான்றிதழ் இல்லாமல் விசாவுக்குப் போக முடியாது. 2007 முதல் அங்கே அதுதான் சட்டம். அதனால் அந்த வகுப்புக்கு ஒரு திகதி இருக்கிறது, பின்னால் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், காசு அவர் அனுப்புகிறார். கட்டணத்தைப் பற்றி அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. பிரான்ஸுக்குக் குடும்பத்தோடு சேரப் போகிறவரிடம் புறப்படும் முன் மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை. அங்கே இறங்கிய பிறகு ஒருங்கிணைவு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லி, தேவைப்பட்டால் வகுப்பையும் இலவசமாக அரசாங்கமே தரும். ஆகவே கிளிநொச்சியில் இருந்துகொண்டு பிரெஞ்சு படிப்பது ஒரு ஆசை, நல்ல ஆசைதான். ஆனால் ஆசைக்குக் காசு கட்டுகிறவர் மழை பெய்தால் வரமாட்டார், மூன்றாம் மாதம் நின்றுவிடுவார். கொழும்பில் உங்கள் சிநேகிதியிடம் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு ஒரு பரீட்சைப் பாடம், அதற்கும் திகதி உண்டு. ஒரு பிரெஞ்சு ஆசிரியரின் மணித்தியாலத்துக்கு என்ன விலை என்பதை முதலில் தீர்மானிப்பது இதுதான்: படிக்கிறவருக்கு எந்தப் பத்திரம் வேண்டும், எந்தத் திகதிக்குள் வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு என்ன நட்டம். உங்கள் உச்சரிப்பு எவ்வளவு திறம் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. எனக்கும் இது பிடித்த உண்மை அல்ல.

அப்படியென்றால் பிரெஞ்சுப் பத்திரம் கட்டாயம் தேவைப்படுகிறவர் எங்கே இருக்கிறார்? பரந்தனிலோ முறிகண்டியிலோ அல்ல, பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இருக்கிறார். பிரான்ஸின் 2024 ஜனவரி 26 ஆம் திகதிய குடிவரவுச் சட்டத்தின் மொழி நிபந்தனைகள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பல ஆண்டு வதிவிட அனுமதிக்கு ஏ2. பத்து வருட வதிவிடக் காட் முதன்முறையாக எடுப்பதற்கு முன்பு ஏ2 போதும், இப்போது பி1. பிரஜாவுரிமைக்கு முன்பு பி1, இப்போது பி2. இதோடு குடிமைப் பரீட்சை ஒன்றும் வந்திருக்கிறது: 40 கேள்வி, 45 நிமிடம், 32 சரியாக இருக்க வேண்டும், எல்லாம் பிரெஞ்சில். பதினைந்து வருடமாக ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றவருக்கும் இது பொருந்தும். ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள்: அகதி அந்தஸ்து கிடைத்தவருக்குப் பத்து வருடக் காட்டுக்கு மொழி நிபந்தனை இல்லை, பிரஜாவுரிமைக்குப் போனால் உண்டு. எந்தக் காட்டோடு இருக்கிறார், எதற்கு விண்ணப்பிக்கப் போகிறார் என்று கேட்காமல் ஒருவரை வகுப்பில் சேர்க்க வேண்டாம். தேவையில்லாத பரீட்சைக்கு ஆயத்தப்படுத்திவிட்டால் அந்தப் பழி ஊர் முழுக்கப் பரவும்.

சுவிஸில் ஜெனீவா, லோசான் பக்கத்துக்குக் குடும்பத்தோடு சேரப் போகிறவர்களிடம் பேச்சில் ஏ1 அல்லது மொழி வகுப்பொன்றில் பதிந்த அத்தாட்சி எதிர்பார்க்கப்படுகிறது. அங்கே பிரஜாவுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2. கனடாவில் இருக்கிற எங்கட பிள்ளைகள் பலர் இப்போது பிரெஞ்சைத் தேடுவதற்குக் காரணம் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடிவரவுத் தெரிவு முறை. 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனித் தெரிவு நடக்கிறது. அதற்குக் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் கனடிய அளவுகோலின் 7ஆம் மட்டம் வேண்டும். அது ஏறக்குறைய பி2. நல்ல காசு கொடுக்கத் தயாரானவர்கள் இவர்கள்தான். ஆனால் இவர்களை நீங்கள் இப்போதைக்குத் தொட முடியாது.

ஏன் என்றால் உங்கள் மட்டம். இதை இரண்டாவது காரணி என்று சொல்லலாம், ஆனால் உங்களுக்கு இதுதான் முதல் தடை. நிதானமான விதி ஒன்று உண்டு: தன் மட்டத்துக்கு இரண்டு படி கீழே வரைதான் ஒருவர் நம்பிக்கையோடு படிப்பிக்கலாம். பி1 உள்ளவருக்கு ஏ1. பி2 வந்தால் ஏ2 முழுவதும், பி1இன் ஆரம்பமும். சி1 வந்தால் பி1 முழுவதும், பி2இன் ஆரம்பமும். ஒரு படி மட்டும் கூட இருப்பவர் பாடப் புத்தகத்தை ஒப்புவிக்கலாம். மாணவர் “ஏன் இந்த இடத்தில் இப்படி?” என்று கேட்டவுடன் வண்டி நின்றுவிடும். பிரெஞ்சு அரசாங்கம் பிரஜாவுரிமைக்குரிய மட்டத்தை பி1இலிருந்து பி2க்கு உயர்த்திய அன்றே, அந்த மாணவருக்குப் படிப்பிக்கும் ஆசிரியரின் மட்டமும் ஒரு படி உயர்ந்துவிட்டது. நேற்று வரை பி2 ஆசிரியரைக் கொண்டு சமாளித்த இடத்தில் இன்று குறைந்தது சி1 ஆசிரியர் தேவை. எங்கே ஆட்கள் குறைவோ அங்கேதான் விலை ஏறும்.

பி1இலிருந்து பி2க்குப் போக வகுப்பும் பயிற்சியுமாகக் கிட்டத்தட்ட 200 மணித்தியாலம் வேண்டும். கிழமைக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் 40 கிழமை. டெல்ஃப் பி2இல் எழுத்துக்கு ஒரு மணித்தியாலம், வாதம் எடுத்து எழுத வேண்டும். பேச்சில் 20 நிமிடம், ஒரு நிலைப்பாட்டைச் சொல்லி, பரீட்சகர் மறுத்தால் தாங்கி நிற்க வேண்டும். ஏ1 பிள்ளைகளோடு “என் பெயர், என் வயது” என்று நாள் முழுக்கக் கதைப்பதால் இந்தத் திறமை வளராது. உண்மையைச் சொன்னால் தேயும். ஆரம்ப வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் பலர் ஐந்து வருடம் கழித்து ஒரு படி கீழே இறங்கியிருப்பது இதனால்தான். யாழ்ப்பாணத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையம் இருக்கிறது. உங்கள் இடத்திலிருந்து ஏ9 வீதியால் 65 கிலோமீற்றர் அளவுதான். அங்கே அடுத்த பி2 பரீட்சை எப்போது, எங்கே எழுதலாம் என்று விசாரித்து, அந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி உங்கள் 40 கிழமையை எண்ணுங்கள். டெல்ஃப், அதற்கு மேல் மட்டமான டால்ஃப் சான்றிதழ்கள் ஆயுளுக்கும் செல்லும். ரி.சி.எஃப்., ரி.இ.எஃப். என்ற மற்றப் பிரெஞ்சுப் பரீட்சைகளின் புள்ளிகள் இரண்டு வருடத்தில் காலாவதியாகும். ஆகவே ஆசிரியருக்கு டெல்ஃப்தான் முதலீடு. அவசரப் பத்திரம் தேவைப்படும் மாணவருக்கு மற்றது.

படிப்பிக்கும் தகுதி என்பது வேறு. பிரெஞ்சை அந்நிய மொழியாகக் கற்பிப்பதற்கென்றே தூரக் கல்வி டிப்ளோமா ஒன்றை பாரிஸ் அலியான்ஸும் பிரான்ஸின் தேசிய தூரக் கல்வி மையமும் சேர்ந்து நடத்துகின்றன. களனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு பட்டப் படிப்பாகவே இருக்கிறது. இவை ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போகும்போது சம்பளப் படியை மாற்றும். தனியார் மாணவர் இதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, அவர் பார்ப்பது உங்களிடம் படித்த எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதைத்தான். டெல்ஃப் பரீட்சகர் பயிற்சி வாய்ப்பு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். பரீட்சகர் வேலைக்குக் கிடைக்கும் காசு பெரிதாக இருக்காது. ஆனால் புள்ளி எப்படிப் போகிறது என்று தெரிந்த ஆசிரியரைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

இனி, உங்களிடம் இருக்கிற ஒரு சரக்கைப் பற்றி. பாரிஸில் பிறந்து வளர்ந்த ஆசிரியரிடம் அது இல்லை: தமிழில் விளங்கப்படுத்தும் சக்தி. இதை வெறும் “தமிழ் வழி வகுப்பு” என்று விளம்பரம் செய்து வீணாக்க வேண்டாம். எங்கே பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்று தெரிந்தால்தான் அது விலை போகும்.

எங்கட ஆட்கள் பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாக மொழிபெயர்ப்பார்கள். அதனால் வயதையும் பசியையும் “இரு” என்ற வினையால் சொல்லிப் பிழைவிடுவார்கள். பிரெஞ்சில் வயது, பசி, தாகம், பயம், குளிர் எல்லாம் ஒருவரிடம் “உள்ளவை”, அதாவது அவுவார் வினை. தமிழில் “எனக்கு” என்று தொடங்குகிறோமே, எனக்கு 26 வயது, எனக்குப் பசி, எனக்குப் பயம், எனக்குக் குளிருது, அந்த வசனங்களைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஆங்கிலத்தை நடுவிலிருந்து தூக்கியவுடன் பாதிப் பிழை போய்விடும். நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாட்டை ஆங்கிலேயருக்கு விளங்கப்படுத்தக் கிழமைக்கணக்கு வேண்டும். எங்கட பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம்.

பெயர்ச்சொற்களின் பாலில் நிலைமை தலைகீழ். அஃறிணைக்கு ஆண், பெண் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு மறப்பார்கள். சொல்லைத் தனியாக ஒருபோதும் எழுத விடாதீர்கள், முதல் நாளிலிருந்தே முன்னால் வரும் சுட்டோடு (le, la) சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்ய வையுங்கள். இதை மூன்றாம் மாதத்தில் திருத்தலாம் என்று விட்டவர்களுடைய மாணவர்கள் பி1 எழுத்துத் தாளிலும் அதே பிழையோடு நிற்பார்கள்.

உச்சரிப்பில் மூன்று இடங்கள். மீன் (poisson), குடிபானம் (boisson), நஞ்சு (poison) ஆகிய மூன்றுக்கும் பிரெஞ்சில் கிட்டத்தட்ட ஒரே உருவம். தமிழ் எழுத்தில் குறித்துப் படித்தவர் மூன்றையும் ஒன்றாகவே சொல்வார். மீனுக்கு வருவது “பல்” என்பதில் வரும் ப. குடிபானத்துக்கு “அம்பு” என்பதில் வரும் பு. நஞ்சுக்கு நடுவில் ஸ் என்பது வண்டு இரைவதுபோல அதிர வேண்டும். ரெஸ்ரோரண்டில் வேலை செய்பவருக்கு இந்த உதாரணத்தைச் சொல்லிப் பாருங்கள், வாழ்நாளில் மறக்க மாட்டார். இரண்டாவது, “நீ” (tu) என்பதற்கும் “எல்லாம்” (tout) என்பதற்கும் உள்ள வித்தியாசம். நம்மவர்கள் இரண்டையும் “தூ” என்பார்கள். ஈ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஊவுக்குக் குவித்தால் முதலாவது வந்துவிடும். மூன்றாவது மூக்கொலி. “பொன்” என்று சொல்லும்போது நாக்கு மேலே தொடும். பிரெஞ்சில் “நல்ல” என்பதற்கான சொல்லில் (bon) தொடாது, காற்று மூக்கால் போக வாய் திறந்தே இருக்கும். கண்ணாடியைக் கையில் கொடுத்துச் செய்ய வையுங்கள்.

இலங்கைத் தமிழில் போர்த்துக்கீசர் விட்டுப்போன குசினி, அலுமாரி, பாண் மூன்றுக்கும் பிரெஞ்சில் சொந்தச் சகோதரங்கள் (cuisine, armoire, pain) உண்டு. ஆரம்ப வகுப்பின் முதல் நாளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பிரான்ஸில் பல வருடம் வேலை செய்தவரைப் படிப்பிப்பது பிள்ளைகளைப் படிப்பிப்பதுபோல் இல்லை. அவருக்குக் கேட்டல் நன்றாக வரும், பேச்சு வேகமாக வரும், வினையைத் திரிக்காமல் பேசுவார், எழுத்து அறவே வராது. டெல்ஃபில் 100க்கு 50 எடுத்தால் சித்தி. ஆனால் நான்கு பகுதியிலும் 25க்கு 5 ஆவது வேண்டும். பேச்சில் 22 எடுத்துவிட்டு எழுத்தில் 4 எடுத்தால் தோல்விதான். அவரை ஏ1 புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருத்தினால் இரண்டாம் கிழமை காணாமல் போவார். முதல் வகுப்பில் மூன்று வேலை மட்டும் கொடுங்கள்: வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி, முதலாளிக்கு லீவு கேட்டு ஒரு கடிதம், கடந்த ஞாயிறு என்ன செய்தார் என்று பத்து வரி. அந்தப் பத்து வரியில் இறந்தகாலம் எப்படி வருகிறது என்று பார்த்தாலே அவருடைய உண்மையான மட்டம் தெரிந்துவிடும். மூன்று மாதத்தில் பி1 என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அங்கே வாழ்பவருக்கும் ஏ2இலிருந்து பி1க்கு நூறு மணித்தியாலத்துக்கு மேல் போகும். நீங்கள் சொன்ன தவணை தவறினால் காசைத் திருப்பிக் கேட்பார்.

உங்கள் இப்போதைய பி1ஐ வைத்துக்கொண்டு இவர்களில் யாரை எடுக்கலாம்? புதிதாகப் போய் இறங்கிய, பூச்சியத்தில் இருக்கிற மனைவிமாரை எடுக்கலாம். பகலில் வீட்டில் இருப்பார்கள். அரசாங்க வகுப்பில் பிரெஞ்சிலேயே பிரெஞ்சு படிப்பிப்பார்கள், அதில் முதல் மாதம் ஒன்றும் விளங்காது. அந்த வகுப்பில் நடந்ததைத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியருக்கு அங்கே இடம் இருக்கிறது. பி2 வந்த பிறகு மற்றவர்களைத் தொடுங்கள்.

நேரத்தைப் பற்றி. பாரிஸ் கோடையில் நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடைசி ஞாயிறு மாறும். அந்தக் கிழமை ஒரு வகுப்பாவது தவறுவது வழக்கம், முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடுங்கள். ரெஸ்ரோரண்ட் வேலைக்காரருக்கு மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் பின்னேரம் 3 முதல் 6 வரை ஓய்வு. நமக்கு அது கோடையில் மாலை 6.30 முதல் 9.30, குளிர்காலத்தில் 7.30 முதல் 10.30. வன்னியில் இருப்பவருக்கு வாய்ப்பான நேரம், பகல் ரியூட்டரி வகுப்போடு முட்டாது. ரொறன்ரோ அப்படியில்லை. அங்கே கோடையில் இரவு 7 மணி என்றால் உங்களுக்கு விடிய 4.30.

ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் கரண்ட் போகும், இணைப்பும் போகும். றவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று, வேறு நிறுவனத்துச் சிம் போட்ட இரண்டாவது போன் ஒன்று, இவை செலவு அல்ல, கடைக்குக் கதவு போடுவது மாதிரி. கமராவைவிட மைக் முக்கியம். மேலே சொன்ன “நீ”யும் “எல்லாம்”உம் போனின் மைக்கில் ஒரே மாதிரிக் கேட்கும். வயர் உள்ள ஹெட்செட் வாங்குங்கள், புளூடூத் வேண்டாம்.

இனி எவ்வளவு வாங்குவது. மற்றவர் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்த்து விலை வைக்க வேண்டாம், உங்கள் தேவையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மாதம் 90,000 ரூபா கையில் வேண்டும், டேட்டா, கரண்ட், புத்தகம், உங்கள் சொந்த பி2 படிப்பு எல்லாம் 10,000 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் ஒரு லட்சம். ஒரு மொழி ஆசிரியர் தரம் குறையாமல் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் விற்க முடியாது. மிச்சம் ஆயத்தமும் திருத்தமும். மாதம் 80. அதில் கால்வாசி எப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கும், வருத்தம், வேலை மாற்றம், கோயில் திருவிழா. ஆக 60. ஒரு லட்சத்தை 60ஆல் பிரித்தால் 1,667 ரூபா. இதற்குக் கீழே இறங்கினால் உங்கள் சேமிப்பைத் தின்றுகொண்டு படிப்பிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நேரடி மாணவருக்கு அது போதும். மாணவரைப் பிடித்துத் தருகிற பிரெப்லி போன்ற ஒன்லைன் தளத்துக்குப் போனால் புதிய ஆசிரியரிடம் அவர்கள் 33 வீதம் எடுப்பார்கள், 400 மணித்தியாலம் தாண்டிய பிறகே அது 18 வீதத்துக்கு இறங்கும். புது மாணவரின் முதல் பரீட்சார்த்த வகுப்புக் காசு முழுவதும் தளத்துக்கே. ஆகவே 1,667 கையில் வர ஆரம்பத்தில் 2,488 ரூபாவுக்குச் சமமான விலை போட வேண்டும். மாணவர் அடிக்கடி மாறினால் முதல் வகுப்புகள் எல்லாம் தர்மம்தான். தளத்தில் வருமானத்தைத் தீர்மானிப்பது விலை அல்ல, ஒரு மாணவர் எத்தனை மாதம் நிற்கிறார் என்பது. இன்னொரு வழி நான்கு பேர்க் குழு. ஆளுக்கு 700 வைத்தாலும் மணித்தியாலத்துக்கு 2,800. நான்கு பேரும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அண்ணன், தம்பி, மச்சான் என்று ஒரே வீட்டார் சேர்ந்து வந்தால் மட்டம் ஒன்றாக இருக்காது. மெல்லமாகத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

காசை வங்கிக்கே வாங்குங்கள். உண்டியலில் அனுப்புகிறேன் என்பார்கள், வேண்டாம். அது சட்டத்துக்கும் புறம்பு, நாளைக்கு ஒரு கடனுக்கோ விசாவுக்கோ உங்கள் வருமானத்தைக் காட்டவும் முடியாது. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 லட்சம் ரூபா வரை வருமான வரி விலக்கு உண்டு. வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வங்கியூடாக வரும் வருமானத்துக்கு, அதற்கு மேலும் ஆகக்கூடியது 15 வீதம்தான்.

கொழும்பு பற்றிச் சுருக்கமாக. பி1ஓடு போனால் அங்கேயும் ஆரம்ப வகுப்புத்தான், வாடகை மட்டும் கூட. சி1ஓடு போனால் யோசிக்கலாம். அரச பாடசாலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். அங்கே சம்பளம் ஆசிரியர் சேவைத் தரத்தைப் பொறுத்தது, பிரெஞ்சு படிப்பித்தாலும் கணிதம் படிப்பித்தாலும் ஒரே தரத்துக்கு ஒரே சம்பளம். சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் பிரெஞ்சு பாடமாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஆசிரியர் கேட்கிற பாடசாலை உங்கள் வலயத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக ரியூட்டரி வகுப்பு. அதை விட வேண்டாம், உருவத்தை மாற்றுங்கள். மாதக் கட்டணம் வேண்டாம். ஏ1க்கு ஏறக்குறைய 80 மணித்தியாலம் வேண்டும். உங்கள் வேகத்தில் அது 20 கிழமை. அதை ஒரு தொகுதியாக்கி, தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் போட்டு, இரண்டு தவணையில் காசு வாங்குங்கள். இப்போது கட்டுகிற 2,500ஐயே ஐந்து மாதத்துக்குச் சேர்த்தால் 12,500. அதையே 14,000 என்று போட்டு, பாடக் கொப்பி முழுவதையும் ஒரு புத்தகமாகக் கட்டிக் கொடுத்தால் யாரும் விலை கூடியது என்று சொல்லமாட்டார்கள், போட்டோக்கொப்பிக் கடைக்கு நீங்கள் ஓடுவதும் நிற்கும். ரியூட்டரியோடு கால்வாசிக்குப் பதிலாக வகுப்பறைக்கு நாள் வாடகை என்று பேசிப் பாருங்கள், 14 பேர் என்றால் உங்களுக்கு அதுதான் இலாபம். ஆறு பேருக்குக் கீழே விழுந்தால் கால்வாசிதான் இலாபம். ஆகவே எண்ணிக்கை தெரிந்த பிறகு பேசுங்கள்.

தொகுதியை மார்கழியில் தொடங்க வேண்டாம். அந்த நேரம் பெற்றோர் கையில் காசில்லை, எல்லாம் வயலுக்குள் கிடக்கும். காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு, மாசி கடைசியிலோ பங்குனியிலோ தொடங்குங்கள், முதல் தவணை தானாக வரும். காசு தராத அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டிலும் வயல் இருந்தால் அறுவடை வரை தவணை கொடுத்து அதை எழுதி வையுங்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கொப்பி திருத்த உதவி செய்கிற ஒரு பிள்ளைக்கு, வருகைப் பதிவு எடுக்கிற மற்றப் பிள்ளைக்கு என்று இரண்டு இலவச இடத்தை நீங்களே அறிவித்துவிடுங்கள். அப்போது ஒவ்வொரு மாதமும் அவர்களைப் பார்த்துக் கேட்கவா விடவா என்று நீங்கள் மனம் நோக வேண்டியிராது.